எரியாத சிகரெட்: ஐகோஸ் குச்சிக்குள் என்ன இருக்கிறது?

புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் ஐகோஸ் கருவியில் செருகும் புகையிலைக் குச்சியின் நீளம் 45 மில்லிமீட்டர். சாதாரண சிகரெட்டில் பாதியைவிடச் சற்றே அதிகம். பிளேடால் நீளவாக்கில் பிளந்தால் உள்ளே நான்கு துண்டுகள் வரிசையாகத் தெரியும். முனையில் 12 மில்லிமீட்டருக்குப் புகையிலை. அடுத்து நடுவில் துளை விட்ட வெள்ளைக் குழல். அதன்பின் மடித்துச் சுருட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். கடைசியில் உதட்டில் படும் பஞ்சு. புகையிலையின் எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். சிகரெட்டில் இருப்பதில் ஏறக்குறைய பாதி.

அந்தப் புகையிலையும் சிகரெட்டில் பார்க்கும் நறுக்கிய இலை அல்ல. விரலால் பிரித்தால் பழுப்பு நிறத் தாளாக, நெளிநெளியாக விரியும். பதப்படுத்திய இலைகளை மாவாக அரைத்து, தண்ணீர், கிளிசரின், செல்லுலோஸ் நார், ஒட்டுவதற்குக் கொத்தவரை விதைப் பிசின் எல்லாம் சேர்த்துக் கூழாக்குகிறார்கள். மொட்டைமாடியில் வேட்டி விரித்துக் கூழ்வடகம் ஊற்றுவதைப் போல, நகரும் எஃகுப் பட்டையின்மேல் இந்தக் கூழை மெல்லிய படலமாகப் பரப்பிச் சூட்டில் உலர்த்தி உரித்தெடுக்கிறார்கள். உரித்த தாள் பெரிய சுருளாகப் போய், உருளைகளுக்கிடையே நெளிவு வாங்கி, பக்கவாட்டில் நெருக்கிக் குவிக்கப்பட்டு, காகிதம் சுற்றி வெட்டப்படுகிறது. நெளிவுகளுக்கு இடையே உள்ள சந்துகள்தான் காற்று செல்லும் வழி.

காம்பையும் தூளையும் தாளாக வார்த்து சிகரெட்டில் கலப்பது பழைய வழக்கம்தான். ஆனால் அங்கே அது செலவைக் குறைக்கும் கலப்புப் பொருள். இங்கே அதுவே சரக்கு. காரணம், வெறும் இலையைச் சூடாக்கினால் போதுமான ஆவி வராது. கண்ணுக்குத் தெரியும் வெண்புகையைத் தருவது கிளிசரின். அதை ஒவ்வொரு குச்சியிலும் ஒரே அளவில் ஏற்ற வேண்டுமானால் கூழாக்குவதே வசதி.

எரியும் சிகரெட்டின் நுனி, இழுக்கும்போது 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். ஐகோஸின் முதல் தலைமுறையில் புகையிலைக்குள் குத்தி நிற்கும் தகடு 350 டிகிரியைத் தாண்டாது. தகட்டின்மேல் ஓடும் பிளாட்டினக் கோடே அடுப்பு, அதுவே வெப்பமானி: சூடேற ஏற அதன் மின்தடை கூடும், அதை அளந்து சில்லு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். கிளிசரினும் நிக்கோட்டினும் ஆவியாகிக் குழலுக்குள் வந்து, குளிர்ந்து நுண்துளிகளாகும். ஆவி முழுச் சூட்டோடு வாய்க்கு வந்தால் நாக்கு வெந்துவிடும். அதற்காகத்தான் நடுவில் அந்தப் பிளாஸ்டிக் தாள். சோளம் போன்ற பயிர்களின் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது அது. வெப்பத்தை உறிஞ்சி லேசாக இளகும்.

6 நிமிடம் அல்லது 14 இழுப்பு, எது முந்துகிறதோ அதோடு கருவி நின்றுவிடும். சாம்பல் இல்லை. ஆனால் வெளியே எடுத்த குச்சியின் புகையிலை, தகட்டை ஒட்டிய இடத்தில் கருகியே இருக்கும். எரியவில்லை என்பது சரி; எதுவும் கருகவில்லை என்பது சரியல்ல.

முதல் தலைமுறையின் தொல்லை அந்தத் தகடு. மூடியை முதலில் உயர்த்தாமல் குச்சியை உருவினால் புகையிலை தகட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். குச்சியைத் திருகினால் தகடே முறியும். அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் கசப்பும் வீச்சமும் சேரும். 2021இல் வந்த இலூமா, தகட்டைத் தூக்கிவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பின் வித்தையைக் கையாள்கிறது: கருவியில் சுருள், குச்சியின் புகையிலைக்குள் ஓர் உலோகப் பட்டை. துப்புரவு வேலை ஒழிந்தது. ஆனால் தூக்கி எறியும் ஒவ்வொரு குச்சியோடும் ஓர் உலோகத் துண்டும் குப்பைக்குப் போகிறது. பயன்படுத்துபவருக்கு இது முன்னேற்றம், குப்பைமேட்டுக்கு அல்ல. போட்டி நிறுவனத்தின் குளோ கருவி குச்சியை வெளிப்புறத்திலிருந்து சூடாக்குகிறது. அதன் தொடக்க மாடலின் வெப்பம் 240 டிகிரி அளவில்தான்.

யோசனை புதிதல்ல. 1988இல் அமெரிக்காவில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சந்தைக்கு விட்ட, புகையிலையைச் சூடாக்கும் பிரீமியர் சிகரெட் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. 2014இல் ஃபிலிப் மோரிஸ் ஜப்பானின் நகோயாவில் ஐகோஸை இறக்கியதற்கு ஒரு கணக்கு உண்டு. நிக்கோட்டின் திரவத்தை மருந்துச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கும் நாடு அது. இ-சிகரெட் அங்கே எளிதில் கால் ஊன்ற முடியாது. குச்சி என்றால் அது புகையிலை.

2020 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், முழுமையாக இதற்கு மாறுபவருக்கு நச்சுப் பொருள்களின் வரத்து குறையும் என்று விளம்பரப்படுத்த அனுமதித்தது. நோய் ஆபத்து குறையும் என்று சொல்ல அனுமதிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை விற்பனையாளர் சொல்லமாட்டார். பொறியியல் நேர்த்திக்கு இதற்கு நல்ல மதிப்பெண் தரலாம். பழக்கத்தை விடுவதற்கான கருவி என்ற பெயரில் ஒன்றும் தருவதற்கில்லை. நிக்கோட்டின் இதிலும் வருகிறது, அடிமைத்தனமும் அப்படியே.

இந்தியாவில் இதை வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. 2019ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டம் சூடேற்றும் புகையிலைக் கருவிகளையும் சேர்த்தே தடுக்கிறது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எதற்கும் முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.