தோற்றக் கதையின் மறுபக்கம்: அலன் மூரின் ‘மார்வல்மன்’ குறித்து ஒரு நோக்கு

சித்திரக்கதைகளில் வரும் அதிமானுட நாயகர் எவராயினும் அவருக்கொரு தோற்றக் கதை உண்டு. அவருக்கு ஆற்றல் எங்ஙனம் வாய்த்தது, அதனை எந்நோக்கிற்குப் பயன்படுத்தத் துணிந்தார் என்பவற்றை அது கூறும். அவ்வகையில் அது நாயகனின் அதிகாரத்துக்கு வழங்கப்படும் நியாயமுமாகும். அந்நியாயத்தையே வினாவுக்குள்ளாக்கியமையால், 1982 இல் ‘வொரியர்’ என்னும் பிரித்தானிய இதழில் அலன் மூர் எழுதத் தொடங்கிய ‘மார்வல்மன்’ தனித்து நோக்கத்தக்கது.

மார்வல்மன் மூரின் சொந்தச் சிருஷ்டியன்று. அமெரிக்கக் ‘கப்டன் மார்வல்’ கதைகளைப் பிரித்தானியாவில் மறுபதிப்புச் செய்துவந்தவர் லென் மில்லர். ‘சுப்பர்மன்’ வெளியீட்டாளர் தொடுத்த வழக்கின் விளைவாக 1953 இல் அக்கதைகள் நின்றுபோக, அவற்றுக்கு மாற்றாக மிக் ஆங்லோவைக் கொண்டு 1954 இல் அவர் ஆக்குவித்த பாத்திரமே இது. மிக்கி மோரன் என்னும் சிறுவனுக்கு விஞ்ஞானி ஒருவர் ‘கிமோட்டா’ என்ற சொல்லை அருள்கிறார். அதனை உச்சரித்ததும் அவன் மாவீரனாகிறான். அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக்கிப் பெற்ற மந்திரம் அது. அணுசக்தி பற்றிய அக்கால நம்பிக்கையின் முத்திரையை அதிற் காணலாம். 1963 இல் அவ்வெளியீடும் நின்றுபோயிற்று.

மூரின் கதையில் மோரன் நடுத்தர வயதுப் பத்திரிகையாளன். தலைவலியாலும் தீக்கனவாலும் அல்லலுறுபவன். அணுமின் நிலையமொன்றில் ஆயுதபாணிகளிடம் அகப்பட்ட வேளை, கண்ணாடிக் கதவில் எழுதிய சொல்லை மறுபுறத்தினின்று காண, மறந்த மந்திரம் அவன் நாவில் எழுகின்றது. வீடு திரும்பித் தன் பழைய வீரக் கதைகளை மனைவி லிஸ்ஸிடம் கூறும்போது அவள் சிரித்துவிடுகிறாள். அவன் சினந்தெழுகிறான். அது அவனது வாழ்க்கை வரலாறு; அவளுக்கோ சிறுபிள்ளைக் கதை. இப்படைப்பின் மையப் பிரச்சினை இக்காட்சியிலேயே கருக்கொள்கின்றது.

அவள் சிரிப்பு நியாயமானதே என்பது பின்னர் தெரியவருகின்றது. அருளிய விஞ்ஞானியும் இல்லை. நிகழ்ந்த சாகசமும் இல்லை. கார்கன்சா என்னும் அறிவியலாளன், அரசின் இரகசியத் திட்டமொன்றின் கீழ், வீழ்ந்த வேற்றுலகக் கலமொன்றின் நுட்பத்தைக் கொண்டு பெற்றோரற்ற சிறுவர்களுக்கு மறுவுடல்கள் ஆக்குகிறான். அவர்களை உறக்கத்திற் கிடத்தி, சித்திரக்கதையொன்றைப் பின்பற்றிய கனவுகளை ஊட்டுகிறான். 1963 இல் அவர்களை அணுகுண்டினால் அழிக்க முயல்கின்றனர். உண்மையில் இதழ் நின்ற ஆண்டே கதையினுள் கொலை முயற்சியின் ஆண்டாகவும் அமைந்தமை கருதத்தக்கது.

இருண்ட நோக்கு என்பது குருதியையும் வன்முறையையும் விரிவாக வரைவதே என்னும் எண்ணம் பின்வந்த சித்திரக்கதைகள் பலவற்றிற் காணப்படுகின்றது. மூரின் படைப்பிலும் அவை உண்டு. மோரனின் பழைய துணைவன் ஜொனி பேற்ஸ் இலண்டனை அழிக்கும் பகுதி, ஜோன் ரொட்டில்பென்னின் சித்திரங்களில் காணப் பொறுக்கவொண்ணாதது. எனினும் இப்படைப்பின் உண்மையான இருள் அங்கில்லை. ஒருவனது இளமை நினைவுகளையே அதிகாரம் உற்பத்தி செய்து அவனுள் வைக்கக்கூடும்; தன்னைக் கட்டுப்படுத்தும் விலங்கையே அவன் தன் பெருமையெனப் போற்றக்கூடும். இந்த உணர்த்துகையே வாசகனை அச்சுறுத்துவது.

ஆயின் இறுதிப் பகுதி விவாதத்துக்குரியது. 1985 முதல் அமெரிக்காவில் ‘மிரக்கிள்மன்’ என்னும் பெயரில் வெளிவந்த இத்தொடரின் 16 ஆவது இதழுடன் 1989 இல் மூர் தம் பங்கினை முடித்தார். அதற்குள் மோரன் தன் மனித உருவை நிரந்தரமாகத் துறந்துவிடுகிறான். எஞ்சிய அதிமானுடர் உலகை ஆளத் தொடங்குகின்றனர்; அணுவாயுதங்கள் அகற்றப்படுகின்றன; பணம் ஒழிக்கப்படுகின்றது. இவையாவும் நன்மைகளே. ஆயினும் மக்கள் போராடிப் பெற்ற நன்மைகள் அல்ல; மேலிருந்து வழங்கப்பட்டவை. பொய்யான தோற்றக் கதையொன்றைத் தகர்த்த படைப்பு, புதிய தெய்வங்களுக்கு வேறொரு தோற்றக் கதையை எழுதி முடிகின்றது எனலாம்.

இம்முரண்பாட்டை மூர் அறியாதவரல்லர். தனக்கும் அதிமானுட உடல் அளிக்க முன்வரும் கணவனை லிஸ் மறுத்துவிடுகிறாள். அவளது மறுப்பின் பொருள் அவனுக்கு இறுதிவரை விளங்குவதில்லை. எனினும், அத்தகைய ஐயமும் மறுப்பும் பெரும்பாலும் அவள் ஒருத்தியிடமே விடப்பட்டு, ஆளப்படும் மக்களின் குரல் ஏறத்தாழ ஒலிக்காது போனமை இப்படைப்பின் குறையென்றே கொள்ளவேண்டும்.