ஒற்றைச் சொல்லில் அடங்காத கடல்

1983 ஜூலையில் இலங்கையில் போர் மூண்டது. அதே ஆண்டில்தான் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள நீரில் விசைப்படகுகள் தொழில் செய்யக் கூடாது, அது நாட்டுப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் உரியது என்றது அந்தச் சட்டம். எழுபதுகளில் இரு தரப்பும் கடலிலும் கரையிலும் மோதிக்கொண்டதன் விளைவு அது. கடலில் இறங்குகிற எல்லாரும் ஒரே தரப்பு அல்லர் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. அடுத்த கால் நூற்றாண்டுப் போர்ச் செய்திகளோ அவர்களை 'மீனவர்' என்ற ஒரே சொல்லில் அடக்கின.

தூத்துக்குடிக் கரைக்கு அந்தச் சொல் ஒருபோதும் போதாது. முத்துக்குளிப்புக் காலத்தில் படகுத் தலைவரான சம்மாட்டி வேறு, பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டில் மூழ்கும் குளியாளி வேறு, மேலே கயிறு பிடித்து நிற்பவர் வேறு. அவரவர் பங்கும் வேறு. 1961-க்குப் பின் அங்கே முத்துக்குளிப்பு இல்லை. ஆனால் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வலையே தேவையில்லை. வள்ளத்தில் போய் வலை விரித்துக் காத்திருப்பவருக்கும், கடலடியை வாரி வரும் இழுவைமடிக்காரருக்கும் பாரும் சேறும் ஒரே பொருள் தருவன அல்ல. ஒருவருக்குப் பார் என்பது காப்பாற்ற வேண்டிய இடம். மற்றவருக்கு மடி கிழிகிற இடம்.

கடலில் இலங்கைக் கடற்படையால் சுடப்பட்டுச் சாகிறவரிடம் என்ன வலை வைத்திருந்தாய் என்றா கேட்பது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான கேள்வி. ஆயுதமற்றவரைச் சுடுவதை எந்த வலையும் நியாயப்படுத்தாது. அந்தச் செய்தியில் 'மீனவர்' என்ற சொல்லே சரி. தவறு அதற்குப் பிறகு நேர்ந்தது. சாவுச் செய்திக்குப் பொருந்திய சொல்லையே தொழில் தகராற்றுக்கும் நீட்டினோம். விசைப்படகு என்ற சொல் வந்தாலும், பறிமுதலான சொத்தின் கணக்காகவே பெரும்பாலும் வந்தது.

இதன் விலை, போர் முடிந்த 2009-க்குப் பின் தெரிந்தது. போர்க்காலத்தில் வட இலங்கைத் தமிழர்களுக்குக் கடலில் இறங்கும் நேரத்திலும் எஞ்சின் திறனிலும் கட்டுப்பாடுகள் இருந்தன, பலர் இடம்பெயர்ந்திருந்தார்கள். திரும்பி வந்து வலை விரித்தபோது அவற்றை அறுத்துச் சென்றவை இங்கிருந்து போன படகுகள். அவற்றை அங்குள்ள இதழ்கள் 'இழுவைப்படகு' என்று எழுதின, இங்குள்ளவை 'விசைப்படகு' என்றே எழுதின. நம் பெயர் எஞ்சினைச் சொல்கிறது, அவர்கள் பெயர் படகு செய்யும் வேலையைச் சொல்கிறது. முறையிட்டவர்களும் தமிழ் பேசும் கடற்றொழிலாளர்களே. ஆனால் நம் செய்தியில் அவர்கள் 'இலங்கை மீனவர்' ஆகி எதிர்த்தரப்பில் நின்றார்கள்.

இழுவைமடியைப் பெயர் சொல்லி எழுதினால் இலங்கைக் கடற்படையின் கைதுக்கு நாமே வாதம் எடுத்துக் கொடுத்ததாகாதா என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2016 நவம்பரில் இரு அரசுகளின் பேச்சிலேயே அடிக்கடல் இழுவையை முடிவுக்குக் கொண்டுவருவது இலக்காக ஏற்கப்பட்டது. 2017-ல் இலங்கை அதைச் சட்டத்தால் தடை செய்தது. அரசுகள் வெளிப்படையாகப் பேசிவிட்டதைச் செய்தி மறைப்பதால் யாருக்கும் காப்பு இல்லை. அதிலும், சிறைக்குப் போகிறவர் பெரும்பாலும் பங்குக்கோ கூலிக்கோ படகேறியவர். படகின் சொந்தக்காரர் பல நேரம் கரையில் இருப்பார். இருவரையும் 'மீனவர்' என்றே எழுதுகிறோம்.