ஊழியமும் தொண்டும்: விவிலியத் தமிழில் ஒரு சொல்லாய்வு

படப்பையை ஊடறுத்து ஒரகடம் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் எழுந்துள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் 'ஊழியர்' எனப்படுவர். ஞாயிறுதோறும் செபக்கூட்டம் நடத்தும் போதகரோ 'ஊழியக்காரர்' எனப்படுவர். முன்னது ஏவலுக்கு உட்பட்டாரைச் சுட்டும். பின்னது வழிநடத்தும் தகுதியுடையாரைச் சுட்டும். ஒரு வேரினின்று பிறந்த இரு சொற்கள் இங்ஙனம் எதிரெதிர் நின்றமைக்குக் காரணம் யாது என்பது ஈண்டு ஆராயத் தக்கது.

மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், செபதேயுவின் மக்கள் இருவர் உயர்ந்த இருக்கைகளை வேண்டுகின்றனர், ஏனையோர் சினக்கின்றனர். அப்பொழுது இயேசு, பெரியவராக விரும்புவார்க்கு ஒரு சொல்லும், முதல்வராக விரும்புவார்க்கு மற்றொரு சொல்லும் கூறுகிறார். கிரேக்க மூலத்தில் முன்னது 'தியாக்கோனோஸ்'. பந்தியில் பரிமாறுவோன் போன்ற ஏவலாளன். பின்னது 'தூலோஸ்', விலைக்குக் கொள்ளப்பட்ட அடிமை. சொல்லின் கடுமை படிப்படியாக ஏறுகிறது.

1871இல் வெளிவந்த பவர் திருத்த மொழிபெயர்ப்பு இவற்றைப் 'பணிவிடைக்காரன்', 'ஊழியக்காரன்' எனத் தந்தது. இன்று மென்மையாக ஒலிக்கும் ஊழியம் என்னும் சொல், 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் கூலியின்றி வலிந்து வாங்கப்பட்ட உழைப்பைக் குறித்தது. அதனை எதிர்த்து மிஷனரிமார் வாதாடியதும் வரலாறு. ஆகவே குமரிப்பகுதி வாசகர் செவிக்கு அச்சொல் அன்று சுட்டிருக்கும். பிற்காலத்தே சமயத் தலைமையின் பட்டமாக அது மாறியதும் சூடு ஆறிற்று.

1995இல் வந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு அவ்விரண்டையும் விலக்கித் 'தொண்டர்', 'பணியாளர்' என அமைத்தது. முன்னதை வரவேற்கலாம். படப்பைக்கு அண்மையிலுள்ள குன்றத்தூர்ச் சேக்கிழார் தம் நூலுக்கு இட்ட பெயரே திருத்தொண்டர் புராணம் அன்றோ? அரசியற் கட்சிகள் தலைவர், தொண்டர் எனப் பிரித்து அச்சொல்லைத் தேய்த்துவிட்டன எனினும், அதன் பழைய ஒளி முற்றும் மறைந்திலது. பின்னதோ தளர்ந்த சொல். பணியாளர்க்கு வேலை நேரமும் ஊதியமும் விடுப்பும் உண்டு. தூலோசுக்கு அவை இல்லை.

இதனினும் வியப்பாவது ஒன்று. பிலிப்பியர் நிருபத்தில் கிறிஸ்து எடுத்த கோலத்தை உரைக்குமிடத்து, அதே கிரேக்கச் சொல்லை இவ்விரு மொழிபெயர்ப்புகளும் 'அடிமை' என்றே தருகின்றன. இறைமகனுக்குப் பொருந்திய சொல், சபையில் முதல்வராக விரும்புவார்க்கு மட்டும் பொருந்தாது போயிற்றுப் போலும்!

அடிமை என்னும் சொல்லுக்குத் தமிழ்ப் பத்திமரபு கூசியதில்லை. திருவெண்ணெய்நல்லூரில் முதிய வேதியர் ஆளோலை காட்டிச் சுந்தரரைத் தம் அடிமையென வழக்காடி வென்ற நிகழ்ச்சியைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். ஆட்பட்டவரே வன்தொண்டர் எனப் பெயர் பெறுகின்றார்.

ஆயினும் இரு மரபும் ஒன்றென்று கொள்ளுதல் பிழை. காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டர் அடியார்தம் ஆடை வெளுப்பவர். ஏழை முதியவர் ஒருவர் கொடுத்த கந்தையை மாலைக்குள் உலர்த்தித் தர ஒப்புகின்றார், மழை விடவில்லை, சொல் தவறிய துயரால் கற்பாறையில் தலையை மோதுகின்றார். யோவான் நற்செய்தியில் இயேசு சீடர் கால்களைக் கழுவுகின்றார். அங்கே ஆசான் உயரத்தினின்று இறங்குகின்றான். பேதுரு தடுப்பதும் அதனாலேயே. இங்கே இறங்குதற்கு உயரமில்லை. வண்ணார் தம் அன்றாடத் தொழிலையே தொண்டாக்குகின்றார்.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய இராபர்ட் கிரீன்லீஃப், 1970இல் எழுதிய கட்டுரையால் 'பணிவிடைத் தலைமை' என்னும் கருத்தை மேலாண்மைத் துறையில் பரப்பினார். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் புதினத்தில் வரும் லியோ என்னும் ஏவலாளனே தமக்குத் தூண்டுதல் என்றார். மேற்பார்வையாளர்க்கு அது நல்ல அறிவுரையே. தொழிற்சாலை உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவும் பெண்ணுக்கு அது புதிதாக எதனைச் சொல்லும்? பணிதல் அவள்பால் எந்நாளும் வேண்டப்பட்டதே. அவள் பக்கம் நின்று பேசுவது திருக்குறிப்புத் தொண்டர் கதை. மேற்பார்வையாளர் பக்கம் திரும்பி அவரைக் கடிவது மாற்கு. கடியும் சொல்லில் கடுமை குறையலாகாது. அடுத்த திருத்தம் செய்வோர் 'தொண்டர்' என்பதைக் காத்து, 'பணியாளர்' என்பதன் இடத்தில் 'அடிமை' என்று பெய்தல் மூலத்துக்கு நெருங்கியதாகும்.