நானோ திரவம்: கணக்கும் தீர்ப்பும்

தண்ணீரிலோ எத்திலீன் கிளைக்கால் போன்ற குளிர்விக்கும் திரவத்திலோ 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களைக் கலந்தால் அது வெப்பத்தை வேகமாகக் கடத்தும். 1995-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய் இந்தக் கலவைக்கு 'நானோ திரவம்' என்று பெயரிட்டார். 2001-இல் அவரும் ஈஸ்ட்மனும் அடங்கிய குழு, எத்திலீன் கிளைக்காலில் கன அளவில் 0.3 சதவீதம் செப்புத் துகள் சேர்த்ததில் வெப்பக் கடத்துதிறன் 40 சதவீதம் உயர்ந்ததாக அறிவித்தது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே தந்த சூத்திரப்படி அந்த உயர்வு ஒரு சதவீதத்தைத் தொடுவதே அரிது. இவ்வளவு பெரிய இடைவெளி உண்மையானால் வெப்பவியல் பாடத்தையே திருத்தி எழுத வேண்டும்.

தமிழகம் இந்த விவாதத்தின் நடுவிலேயே இருந்தது. 2003-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சரித் குமார் தாஸ் ஜெர்மானிய ஆய்வாளர்களுடன் செய்த சோதனையில், வெப்பநிலை 21 டிகிரியிலிருந்து 51 டிகிரிக்கு ஏறும்போது கடத்துதிறனின் உயர்வு இரண்டு முதல் நான்கு மடங்காகப் பெருகியது. துகள்கள் திரவத்தில் ஓயாமல் ஒழுங்கின்றி அசையும் பிரௌனிய இயக்கமே காரணம் என்ற விளக்கம் இதனால் வலுப்பெற்றது. 2007-இல் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப், பி.டி. ஷீமா, பல்தேவ் ராஜ் ஆகியோர் வேறு வழியில் போனார்கள். காந்தப்புலத்தில் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் துகள்கள் சங்கிலியாகக் கோத்து நின்றபோது கடத்துதிறன் 300 சதவீதம் வரை கூடியதைக் காட்டினார்கள். இரண்டில் கல்பாக்கம் சோதனையே எனக்கு வலுவானதாகப் படுகிறது. வெப்பநிலை ஏறும்போது திரவத்தில் பலவும் சேர்ந்து மாறுகின்றன; காந்தப்புலமோ துகள்களின் அடுக்கை நேரடியாக மாற்றுகிறது. காரணம் ஆய்வாளரின் கையில் இருக்கிறது.

2009-இல் 30-க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளைப் பகிர்ந்துகொண்டு அளந்தன. சென்னை, கல்பாக்கம் ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றனர். அளவுகள் மேக்ஸ்வெல் வழிவந்த கோட்பாட்டுடன் ஒத்துப்போயின. நன்றாகப் பரவி நிற்கும் துகள்களில் விந்தையான உயர்வு எதுவும் இல்லை. தங்கள் துறையின் பெரிய வாக்குறுதியைத் தாங்களே சோதனைக்கு உட்படுத்திய அந்த நேர்மை போற்றத்தக்கது.

இத்துடன் வழக்கு முடியவில்லை. குளிர்விக்கும் திரவத்துக்குக் கடத்துதிறன் ஒரு தகுதி மட்டுமே. தண்ணீரில் கன அளவில் ஒரு சதவீதம் அலுமினா சேர்த்தால் கடத்துதிறன் ஏறத்தாழ 3 சதவீதம் கூடும்; ஒரு கிலோ கலவையின் தன்வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு குறையும். பாகுத்தன்மை ஏறுவதால் பம்பின் வேலை கூடும். துகள்கள் சங்கிலியாகச் சேர்ந்தால் கடத்துதிறனோடு பாகுத்தன்மையும் சேர்ந்தே உயரும். பல ஆய்வேடுகள் இரு திரவங்களையும் ஒரே ரெனால்ட்ஸ் எண்ணில் ஒப்பிடுகின்றன; வேகம் கூடினால் கூடி, பாகுத்தன்மை கூடினால் குறையும் எண் அது. அந்த எண்ணை எட்ட, பாகுத்தன்மை கூடிய திரவத்தை வேகமாகச் செலுத்த வேண்டும். அந்த வேகம் தந்த பலனைத் துகளின் பெயரில் வரவு வைப்பது தவறு. ஒரே பம்ப் சக்தியில் ஒப்பிடுவதே நியாயம்.

உதாரணமாக, சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் செல்லிப்பட்டு என்ற ஊரில் நெல் அறுக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ரேடியேட்டரில் வெப்பத்துக்குப் பெரிய தடை உள்ளே ஓடும் கூலன்ட் அல்ல, வெளியே வீசும் காற்று. கூலன்ட் பக்கத் தடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அதைப் பத்து சதவீதம் குறைத்தாலும் மொத்தத் தடை ஒரு சதவீதமே குறையும். பத்து லிட்டர் கூலன்டுக்குக் கன அளவில் ஒரு சதவீத அலுமினா என்றால் சுமார் 400 கிராம் துகள். இயந்திரம் மாதக்கணக்கில் சும்மா நிற்கும்போது அது அடியில் படியலாம். ஓடும்போது குழாயையும் பம்பையும் அரிக்கலாம். ரேடியேட்டர் தகடுகளில் அடைத்த பதரையும் வைக்கோல் தூசியையும் ஊதி எடுப்பது இதைவிடப் பெரிய பலன் தரும்.

ஆகவே என் தீர்ப்பு இது: ரேடியேட்டரிலும் சாதாரண வெப்பப் பரிமாற்றியிலும் தண்ணீருக்கும் கிளைக்காலுக்கும் மாற்றாக நானோ திரவத்தைப் பரிந்துரைக்கச் சான்று போதாது. துகளுக்கே தனி வேலை இருக்கும் இடங்களில் அதற்கு எதிர்காலம் உண்டு: காந்தப்புலத்தால் வெப்ப ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள், துகளே வெயிலை நேராக உறிஞ்சும் சூரியத் தகடுகள். நம் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வு அந்தப் பக்கம் திரும்பட்டும். பாகுத்தன்மை, பம்ப் செலவு, ஓராண்டு நிலைப்பு ஆகிய மூன்றும் அளக்கப்படாத நானோ திரவ ஆய்வேட்டை நெறியாளர்கள் ஏற்கக் கூடாது.