மறைப்பது வேறு, தடுப்பது வேறு

வண்டலூரில் 1985-இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பல பெரிய விலங்குகளுக்கும் நமக்கும் நடுவே கம்பிகள் இல்லை, அகழிதான் இருக்கிறது. புலி தாராளமாக உலவும். ஆனால் அகழியைத் தாண்டாது. பராமரிப்பவருக்கோ தனி வழி உண்டு. அகழியைத் தூர்த்துவிட்டு ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டால் போதும் என்று யாரேனும் சொன்னால் நகைப்போம். ஆனால், கணிப்பொறிகளில் அப்படிப்பட்ட திரைச்சீலைகளை நம்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பல கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் 'சர்வர்' எனப்படும் ஒரு மையக் கணிப்பொறியைப் பலர் தத்தம் இடத்திலிருந்தே இயக்குகிறார்கள். நாம் தட்டும் எழுத்துகளும் 'மவுஸ்' அசைவுகளும் சர்வருக்குச் செல்கின்றன. அங்கிருந்து திரைக்காட்சி மட்டும் திரும்பி வருகிறது. வேலை முழுவதும் நடப்பது சர்வரில்தான். இதற்கு 'ரிமோட் டெஸ்க்டாப்' என்று பெயர். விண்டோஸில் இவ்வசதி 1998-இல் வெளியான 'டெர்மினல் சர்வர்' பதிப்புடன் வந்தது.

மாணவர்கள் ஒரே ஒரு செயல்நிரலை மட்டும் பயன்படுத்த வேண்டும். நிர்வாகிக்கோ முழு அதிகாரமும் இருக்க வேண்டும். இதை எவ்வாறு செய்வது? நடைமுறையில் காணும் வழிகளில் மூன்று குறைகள் உண்டு.

முதற்குறை, கட்டுப்பாட்டை ஆளுக்கு விதிக்காமல் இயந்திரத்துக்கு விதிப்பது. 'இணைந்தவுடன் இந்தச் செயல்நிரலைத் தொடங்கு' என்ற விதி விண்டோஸில் இரண்டு இடங்களில் உள்ளது: ஒன்று கணிப்பொறிக்கு, மற்றொன்று பயனருக்கு. இரண்டிலும் விதித்தால் கணிப்பொறிக்கு உரியதே வெல்லும். அங்கே விதித்தவர், தொலைவிலிருந்து நுழையும் நிர்வாகியையும் அதே சிறு அறைக்குள் பூட்டிவிடுகிறார். பழுது பார்க்க அவர் சர்வர் இருக்கும் இடத்துக்கே நடக்க வேண்டியதுதான்!

இரண்டாங்குறை, மறைப்பதைத் தடுப்பதென்று எண்ணுவது. திரையில் ஒரே செயல்நிரல்தான் தெரிகிறது. ஆனால் அதிலுள்ள 'பைலைத் திற' என்ற கட்டளை ஒரு சாளரத்தைத் திறக்கிறது. அதன் வழியே சர்வரிலுள்ள மற்றக் கோப்புகளை மட்டுமல்ல, மற்றச் செயல்நிரல்களையும் சிலர் எட்டிவிடுகிறார்கள். 2008-இல் வந்த 'ரிமோட்ஆப்' முறை ஒற்றைச் செயல்நிரலை அழகாகக் காட்டுகிறது. எனினும் அதுவும் வசதிதானே தவிர, காவல் அன்று.

மூன்றாங்குறை மிகவும் ஆபத்தானது. செயல்நிரல் சரியாக ஓடவில்லை என்றதும், எல்லாருக்கும் நிர்வாகியின் பாஸ்வேர்டையே கொடுத்துவிடுவது. மதிப்பெண் பட்டியலை யார் திருத்தினார் என்ற கேள்வி எழும் நாளில், எல்லாருமே நிர்வாகிதான்! பழி யார்மேல் விழும்? குற்றமற்ற மாணவன்மேலும் விழலாம்.

சரியான வழி என்ன? 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் இதற்கு அடிப்படை விதிகளை எழுதி வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவரது வேலைக்குத் தேவையான அதிகாரம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது ஒன்று. வெளிப்படையாக அனுமதிக்காத எதுவும் தடுக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. விண்டோஸில் 2009 முதல் உள்ள 'ஆப்லாக்கர்' இந்த வழியில் செல்கிறது. மாணவர் குழுவுக்கு இன்ன செயல்நிரல்கள், நிர்வாகிகள் குழுவுக்கு எல்லாம் என்று தனித்தனியே விதிக்கலாம். இதிலும் ஒரு கண்ணி உண்டு. 'எல்லாருக்கும் தடை' என்று எழுதினால், அந்த 'எல்லாரில்' நிர்வாகியும் அடக்கம். தடையே அனுமதியை வெல்லும். ஆகவே, தடைப் பட்டியலைவிட அனுமதிப் பட்டியலே நல்லது. கோப்புகளின் உரிமைகளையும் அவ்வாறே குழுவாரியாகப் பிரித்துவிட வேண்டும். நிர்வாகியும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கையே பயன்படுத்துவது நலம்.

இது வெறும் ஏட்டு விவாதம் அன்று. கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றிய செய்திகள் எழுந்தபோது, தன் கணிப்பொறி ஒன்றில் தீங்கு நிரல் புகுந்தது உண்மையே என இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30-இல் ஒப்புக்கொண்டது. அக்கணிப்பொறி நிர்வாகப் பணிக்கான இணையத் தொடர்பில் இருந்தது என்றும், முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து தனித்து வைக்கப்பட்டுள்ளது என்றும் அது கூறியது. அங்கே நம்பப்பட்டதும் ஓர் அகழியே.

உங்கள் கல்லூரியின் சர்வரில் இருப்பது எது என்று அறிய ஒரு சோதனை போதும். நிர்வாகியின் அனுமதி பெற்று, மாணவர் கணக்கில் நுழைந்து, 'பைலைத் திற' என்ற கட்டளையை அழுத்திப் பாருங்கள். எவ்வளவு தூரம் போக முடிகிறதோ, அவ்வளவுதான் அந்தக் காவலின் மதிப்பு.