சீனச் செல்வர் மனைகள் பேசும் இரு மொழிகள்

சீன நாட்டுக் கட்டடக் கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அரண்மனைகளையும் கோயில்களையும் நெடுஞ்சுவரையுமே எடுத்துக்கொள்கின்றனர். செல்வர்கள் வாழ்ந்த மனைகளைப் பற்றிப் பேச நேரும்போதோ, அவர்தம் எழுத்து அகராதி வடிவம் பெற்றுவிடுகிறது. வௌவால் என்றால் நற்பேறு, மீன் என்றால் செல்வம், மாதுளை என்றால் மக்கட்பேறு என்று வரிசைப்படுத்தி, அத்துடன் ஆராய்ச்சி முடிந்ததாகக் கருதிவிடுகின்றனர். அருஞ்சொற்பொருளை மனப்பாடம் செய்தவன் பாட்டைச் சுவைத்தவன் ஆவானா? அம்மனைகளைப் பாட்டைப் படிப்பது போலவே படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

வட சீனத்து ஷான்சி மாநிலத்தில், சீ வட்டத்தில் உள்ள சியாவ் குடும்பத்தார் மனையை எடுத்துக்கொள்வோம். இக்குடும்பத்தின் மூலவரான சியாவ் குயிஃபா ஏழை. எல்லைப்புறத்துப் பாவ்தோ ஊருக்குப் பிழைக்கச் சென்று, சிறு வணிகத்தில் தொடங்கிப் பொருள் ஈட்டியவர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய கட்டட வேலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தலைமுறை தலைமுறையாக நடந்தது. இன்று அங்கே 6 பெருந்தொகுதிகளும், 20 சிறு முற்றங்களும், 313 அறைகளும் உள்ளன. வெளிச்சுவர் 10 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. தெருவைப் பார்க்கச் சாளரம் இல்லை. வாயிலைக் கடந்தால் ஏறத்தாழ 80 மீட்டர் நீளமுள்ள நேர்வழி. அதன் இருமருங்கிலும் மும்மூன்று தொகுதிகள். மறுகோடியில் முன்னோரை வழிபடும் மண்டபம்.

செதுக்கு வேலைகளைத் தேடிச் செல்வோர் இவ்வழியை விரைந்து கடந்துவிடுவர். ஆயினும் அம்மனையில் மிகுதியாகப் பேசுவது அதுவே என்பேன். கணக்கு எழுத வந்தவனும், கடன் கேட்க வந்தவனும், மணப்பெண்ணும் முதலில் காலடி வைத்தது இவ்வழியிலே; அவர்கள் முகம் நோக்கியது இறந்துபோன முன்னோரை. உள்ளே செல்லச் செல்ல இடமும் உயர்வுபெறும். வாயிலையடுத்த அறைகள் பணியாளருக்கு. இரு பக்கத்து அறைகள் மக்களுக்கு. உள்முற்றத்தில் தெற்கு நோக்கிய தலைமைக் கூடம் முதியோருக்கு. யார் எங்கே உறங்குவது என்பதைக் கட்டடமே தீர்த்து வைத்தது.

பக்கத்து அறைகளின் கூரையைப் பாருங்கள். அது ஒருசாய்வுக் கூரை. சாய்வு முற்றத்தை நோக்கியே இருக்கும். கள்வர் அஞ்சும் உயரத்துக்குப் புறச்சுவரை எழுப்ப இம்முறை உதவிற்று. ஆனால் ஊரார் அதற்குக் கூறும் விளக்கம் வேறு. வளமான நீரை அயலான் வயலுக்குப் போகவிடலாமா என்று கேட்பர். மழையையும் கணக்கில் வைப்பவனே வணிகன் போலும்!

இனி, செல்வம் இவ்வளவு இருந்தும் புறத்தோற்றம் ஏன் சாம்பல்நிறச் செங்கல்லாகவே நிற்கிறது என்று கேட்கலாம். பழைய சீனச் சமுதாயம் கற்றோர், உழவர், கைவினைஞர், வணிகர் என நான்கு படிகளை வகுத்தது. வணிகனுக்குக் கடைசிப் படி. 1393-ஆம் ஆண்டு மிங் அரசு வகுத்த விதியின்படி, பொதுமக்கள் கட்டும் கூடம் 3 அங்கணத்துக்கும் 5 குறுக்கு உத்திரத்துக்கும் மேற்படலாகாது. கூரை தாங்கும் அடுக்குப் போதிகைகள் கூடா. வண்ணப் பூச்சும் கூடாது. பின்வந்த சிங் அரசும் இத்தகைய கட்டுப்பாடுகளை அடியோடு கைவிட்டுவிடவில்லை. அரசுக்குப் பொருள் கொடுத்துப் பட்டம் பெறச் செல்வர்க்கு வழியுண்டு. எனினும் பட்டம் வேறு, அரண்மனைக் கூரை வேறு. அகலத்திலும் வண்ணத்திலும் காட்ட இயலாத செல்வம் உளியின் வழியாக வெளிப்பட்டது. கதவின் மேற்சட்டம், தூணின் அடிக்கல், சுவர்முகப்பு, கூரை முகடு என்று எங்கெங்கும் செதுக்கினர். செதுக்கு வேலையின் மிகுதிக்கு இத்தடையும் ஒரு காரணம் என்பதைப் பலர் நோக்குவதில்லை.

அச்செதுக்கு வேலை பேசும் முறை தமிழருக்குப் புதிதன்று. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடக்கிய நயத்தை அறிந்தவர்கள் நாம். சீனர் அந்தச் சிலேடையை மரத்திலும் கல்லிலும் செய்தனர். ‘ஃபூ’ என்பது வௌவாலுக்கும் பெயர், நற்பேற்றுக்கும் பெயர். ‘லூ’ என்பது மானையும் குறிக்கும். அரசு ஊதியத்தையும் குறிக்கும். பூச்சாடி ‘பிங்’, அமைதியும் ‘பிங்’. ஆகவே சாடி ஒன்றில் மூன்று ஈட்டிகளைச் செருகிவைத்துச் செதுக்கினால், ‘அமைதியாக மூன்று படி பதவி உயர்க’ என்று பொருளாகிறது. ஈட்டியின் பெயரும் படியின் பெயரும் ‘ஜி’ என்பதே. குரலின் ஏற்ற இறக்கத்தில் மட்டுமே சிறு வேறுபாடு. வௌவாலைத் தலைகீழாகச் செதுக்குவதும் தற்செயலன்று. ‘தலைகீழ்’ என்னும் சொல் ‘வந்து சேர்ந்தது’ என்னும் சொல்லோடு ஒலியில் ஒத்தது.

நம் புலவரின் சிலேடை கேட்போரை வியக்கச் செய்யும். புலவரின் திறமைக்கு அது சான்று. சீன மனையின் சிலேடையோ வேண்டுதல். செதுக்கியவன் பெயர் அதில் இல்லை. புதுமையை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மந்திரம் போல, திரும்பத் திரும்பச் சொல்வதிலேதான் அதன் வலிமை. எழுதப் படிக்கத் தெரியாத சமையற்காரியும் அதைப் படிப்பாள். காதும் வாயும் இருந்தால் போதும்.

எழுத்து வேறு வகை. சியாவ் மனையின் வாயிலுக்கு எதிரே நிற்கும் மறைப்புச் சுவரில் ‘நீடுவாழ்வு’ என்னும் ஓர் எழுத்து 100 வடிவங்களில் செதுக்கப்பட்டுள்ளது. அதன் இருபுறமும் சிங் காலத்துப் படைத்தலைவரும் அமைச்சருமான சுவோ சோங்தாங் எழுதிய இரட்டை வாசகம். மனித ஆசையைக் குறைத்து வானகத்தின் நெறிக்கு மீள வேண்டும் என்பதும், அறத்தைச் சேமித்தால் எழுத்தாற்றல் வாய்க்கும் என்பதும் அவ்வாசகத்தின் கருத்து. ஆசையைக் குறை என்னும் அறிவுரைக்கு நடுவிலே நீண்ட ஆயுள் வேண்டும் என்னும் ஆசை நூறு முறை! இதைப் போலித்தனம் என்று எள்ளுவது எளிது. கன்பூசிய நெறி எழுத்தில் பேசுகிறது. குடும்பத்தின் அச்சமும் ஆவலும் உருவங்களில் பேசுகின்றன. ஏழையாகப் பிறந்தவனின் பேரப்பிள்ளைகள் இரண்டையும் ஒருங்கே நம்பினர் என்றே கொள்ளவேண்டும்.

இரண்டும் சந்திக்கும் இடமும் உண்டு. ஐந்து வௌவால்கள் ஐந்து பேறுகளைக் குறிக்கும். அவை வெறும் செல்வக் கனவு என்று வழிகாட்டிகள் விளக்குவதுண்டு. சீனரின் பழம்பெரும் நூல் அவ்வைந்தையும் எண்ணிச் சொல்கிறது: நீடுவாழ்வு, செல்வம், உடல்நலமும் மனஅமைதியும், அறத்தில் விருப்பம், இயல்பான முடிவு. நான்காவதை விட்டுவிட்டு வௌவாலுக்குப் பொருள் கூறுவது அரைகுறைப் படிப்பே.

இதே மாநிலத்தில் லிங்ஷி வட்டத்து வாங் குடும்பத்தார் மனை இன்னும் பெரிது. 123 முற்றங்களும் 1,118 அறைகளும் எனக் கணக்கிடுவர். செதுக்கு வேலையின் நுட்பத்தில் அதனை விஞ்சுவது அரிது. ஆயினும் அங்கே உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, எந்த வேண்டுதலும் தனித்து ஒலிக்காமல் போகிறது. சியாவ் மனையின் வெற்றுச் சுவர்கள் நமக்கு நிறைவு தருகின்றன.

பேசும் சுவர் எதைப் பேசவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். மாதுளையின் விதைகள் ஆண்மக்கள். தாமரையும் பிறவும் தொடர்ச்சியாக ஆண்மக்களையே கேட்கின்றன. மகள் வேண்டும் என்று கேட்கும் உருவம் ஒன்றையும் காணோம். இம்மௌனத்தையே 1991-இல் ஜாங் யீமோ தம் படமாக்கினார். அவருடைய ‘சிவப்பு விளக்கை உயர்த்துங்கள்’ இம்மனையிலேயே படமாக்கப்பட்டது. செல்வன் ஒருவனின் மனைவியர் நால்வரில் யார் முற்றத்தில் அன்றிரவு விளக்கு ஏற்றுவது என்னும் வழக்கம் இயக்குநரின் கற்பனையே. அப்படத்துக்கு அடிப்படையான சூ தோங் எழுதிய கதையிலும் அது இல்லை. உண்மையில் சியாவ் குடும்பத்தின் ஆறு தடைகளில் ஒன்று, காமக்கிழத்தியரைக் கொள்ளலாகாது என்பது. வரலாற்று முறையில் படம் அம்மனைக்கு அநீதி இழைத்தது என்று சொல்வோர் சொல்லட்டும். அந்த உயர்சுவருக்குள் ஒரு பெண்ணுக்கு வானம் எவ்வளவு அகலம் என்பதை எந்த வழிகாட்டி நூலையும்விட அது நன்றாகக் காட்டிற்று. 1986-இல் அருங்காட்சியகமாகிய இம்மனை, அளவுமீறிய வணிகமயத்தால் 2019-இல் தன் உயர்மட்டச் சுற்றுலாத் தரத்தை இழந்தது என்பதையும் குறிப்பிடவேண்டும். வணிகர் வீட்டுக்கு வணிகத்தாலேயே இழுக்கு வந்தது.

ஷான்சிக்குப் போக இயலாதவர்கள் பினாங்கு லீத் தெருவுக்குப் போகலாம். அங்கே பெருவணிகர் சியோங் ஃபாட் ட்ஸே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மனையில் 38 அறைகளும் 5 முற்றங்களும் 220 சாளரங்களும் உள்ளன. 1893-இல் பினாங்கில் சீன அரசின் துணைத் தூதரானவர் அவர். சீனச் சட்டத்தின் கை எட்டாத ஊரில் அவர் சாம்பல் நிறத்தோடு நிற்கவில்லை. அவுரி கலந்த சுண்ணாம்பால் சுவரெல்லாம் நீலம்; கிளாஸ்கோ நகரத்து வார்ப்பிரும்புத் தூண்கள்; வண்ணப் பீங்கான் கிண்ணங்களை வெட்டி ஒட்டிய கூரை வேலைப்பாடு. அடக்கமும் ஆவலும் பிணங்கிய இடத்தில் இங்கே ஆவலே முன்நிற்கிறது. அழகு குறைவு என்று சொல்லவில்லை. அந்த இழுபறி இல்லை என்கிறோம்.

மக்கட்பேற்றைச் சுவரில் கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. கடைசி மகன் இறக்கும்வரை வீட்டை விற்கலாகாது என்று உயிலிலும் எழுதிவைத்து 1916-இல் மறைந்தார். அம்மகன் 1989-இல் இறந்தார், வீடு கைமாறியது. பழுதுபார்க்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுடைமைப் பாதுகாப்பு விருதையும் பெற்று, பின்னர்த் தங்குவிடுதியாயிற்று.