முதலாண்டு மாணாக்கரும் சார்புவழி நிரலாக்கமும்

கணினிக் கல்வியிற் புதிதாய்ப் புகும் மாணாக்கனுக்கு எம்முறையில் நிரலெழுதக் கற்பிப்பது என்னும் வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. அதற்கு விடையாக எழுந்த நூல்களுள் தலையாயது, மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆபெல்சனும் சஸ்மனும், ஜூலி சஸ்மன் துணையோடு, 1985இல் வெளியிட்ட ‘கணினி நிரல்களின் அமைப்பும் பொருள்கோளும்’. ஸ்கீம் மொழியில் அமைந்த அந்நூலின் ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பு 2022இல் வந்தது. அதனை ஆக்கிய இருவருள் மார்ட்டின் ஹென்ஸ் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆசிரியர். ஆதலின் இந்நூல் நமக்கு அயலன்று.

பள்ளியில் இயற்கணிதம் கற்ற பிள்ளை, பிற நிரல்நூல்களின் முதற்பாடத்திலேயே ‘க = க + 1’ என்பதைக் கண்டு திகைக்கிறான். நாம் வகுப்பில் பொய்யென்று அடித்துத் திருத்தும் சமன்பாடு அன்றோ அது! சார்புவழியில் இத்திகைப்பிற்கு இடமில்லை. ஒரு பெயருக்கு ஒரு பொருளே. கணக்கில் ஈடிடுவதுபோல் ஈடிட்டுக்கொண்டே போனால் விடை வரும். பெயரின் மதிப்பை மாற்றுவதை இந்நூல் மூன்றாம் அதிகாரம் வரை ஒத்திவைக்கிறது. அங்கே, 100 வெள்ளி இருப்பிலிருந்து 25 எடுத்தால் 75. அதே கட்டளையை மீண்டும் இட்டால் 50. ஒரே தொடர்க்கு இரு விடை வரவே, ஈடிடும் முறை அங்கே உடைகிறது. உடைவதை மாணாக்கன் தானே கண்டறியுமாறு வைத்த வைப்புமுறை போற்றத்தக்கது.

அதனினும் சிறந்தது முதல் அதிகாரத்துக் காரணீயப் பெருக்கப் பாடம். 4இன் பெருக்கத்தை 4 × (3 × (2 × 1)) என விரித்தால், செய்யப்படாத பெருக்கல்கள் வரிசையில் காத்துநின்று, பின்னரே 24 ஆகச் சுருங்கும். மற்றொரு வழியில் பெருக்கத்தொகையைக் கையோடு கொண்டுசென்றால் 1, 1, 2, 6, 24 என்று வளரும், எதுவும் காத்துநில்லாது. இரண்டிலும் சார்பு தன்னையே அழைக்கிறது; எனினும் முன்னதில் நினைவகம் பெருகும், பின்னதில் பெருகாது. எழுதிய வடிவம் வேறு, நிகழும் செயல் வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தொடக்கநூல் வேறொன்றை யான் கண்டதில்லை.

ஆயினும் ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பில் இங்கேயே ஓர் இடர் உண்டு. ஸ்கீம் மொழி இச்சிக்கனத்திற்கு உறுதியளிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் 2015ஆம் ஆண்டு வரையறையும் அதனையே வேண்டிற்று; பெரும்பாலான உலாவிகளோ நிறைவேற்றவில்லை. வீட்டுக் கணினியில் பெரிய எண்ணுக்குச் சோதிக்கும் பிள்ளை, நூல் சொன்னது பொய்யோ என்று மயங்குவான்.

நூலின் பெருங்குறை பிறிதொன்று. நியூட்டன் முறையில் வர்க்கமூலம், பெர்மா வழியில் பகா எண் சோதனை, தொகையீடு என முதல் அதிகாரமே உயர்கணிதக் காடாய் நிற்கிறது. கணிதத்தில் இடறியவன் தனக்கு நிரலே வாராது என்று முடிவுகட்டித் துறையையே விட்டுவிடுகிறான். கண்டிப்பு நல்லதென்பார் உளர். எனக்கு அது உடன்பாடன்று. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் ஆசிரியப் பயிற்சியின் அரிச்சுவடி.

பெல்லைசன், பின்ட்லர், பிளாட், கிருஷ்ணமூர்த்தி ஆகிய நால்வர் இக்குறையை வெளிப்படையாகவே எடுத்துரைத்தனர். 2001இல் அவர்கள் வெளியிட்ட ‘நிரல்களை வடிவமைப்பது எங்ஙனம்’ என்னும் நூல், வெற்றுத்தாளின் முன் மாணாக்கனைத் தனியே விடாது, 6 படிகளை வகுத்துத் தருகிறது. தரவு இன்னதென்று முதலில் வரையறுத்துக்கொள்ளவேண்டும். சார்பு என்ன வாங்கி என்ன தரும் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு, எடுத்துக்காட்டுக் கணக்குகளைக் கையாலே போட்டு வைக்கவேண்டும். அப்பால் தரவின் வடிவே சார்பின் வடிவைக் காட்டிவிடும். எழுதி முடித்தபின் முன்போட்ட கணக்குகளே சோதனைகளாகும். நடை சற்று வறட்சிதான். முன்னதன் அழகு இதற்கில்லை. எனினும் புதியவன் கையில் முதற்கண் இதனையே கொடுப்பேன். ஓர் அரையாண்டு கழித்து முன்னதை.